எழுந்து நின்ற தரை

எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் கடல் வருவதில்லை. யார் கேட்டாலும் நான் சொல்லும் பதில் இதுதான். சுவரில் கணுக்கால் உயரத்தில் ஒரு கோடு ஓடுகிறதே என்று கேட்டால், வண்ணம் அடித்தவன் அழகுக்கு விட்டது என்பேன். நாற்காலிக் கால்கள் வெளிறிக் கிடக்கின்றனவே என்றால், நல்ல மரம் வயதானால் அப்படித்தான் என்பேன். மரத்தைப் பற்றி எங்களிடம் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. மூன்று தலைமுறையாக ஆறு கடலில் சேரும் இந்த இடத்தில் மரவாடி நடத்துகிறோம். அப்பா காலத்தில் மலையில் வெட்டிய கட்டைகள் ஆற்றோடு மிதந்து எங்கள் துறைக்கே வந்து ஒதுங்கும். ஊரில் பாதிப் பேர் திறந்து மூடுவது எங்கள் மரத்தில் செய்த கதவைத்தான்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடலில் பெரிய ஓதம் ஏறும்போது வாசல்படியைத் தாண்டிக் கொஞ்சம் ஈரம் வரும். எங்கள் வீட்டில் அதற்கு ஈரம் என்றுதான் பெயர். வெள்ளம் என்ற சொல்லை நான் அனுமதித்ததில்லை. ஈரம் வரும் நாட்களில் வாசல் கதவை அடைத்துவிடுவோம். வருகிறவர்களிடம் பெரியம்மா ஓய்வெடுக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பெரியம்மா என்று ஊர் சொல்வது என்னைத்தான். வீட்டுக்கு மூத்தவள் நான். மரம் அறுக்கும் மில்லைப் பார்த்துக்கொள்வது தம்பி. தம்பியைப் பார்த்துக்கொள்வது நான்.

தம்பிக்கு ஒரே மகள். சதுப்பு நில ஆய்வுக்கூடத்தில் சேற்றின் ஆழம் அளக்கிற வேலை. மரவாடி வீட்டுப் பெண் முழங்கால் சேற்றில் கோல் பிடித்து நிற்கிறாள் என்று சொல்ல முடியுமா? ஆராய்ச்சி என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அங்கேயே அலையாத்திக் கன்று வளர்க்கிற ஒரு பையனை அவள் பிடித்து வைத்திருந்தாள். பையன் சாது. அப்பா இல்லை, அம்மா உண்டு. ஆனால் அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியவர் அவனுடைய தாய்மாமா. ஓடைக்கு அக்கரையில் இறால் குளங்கள் வைத்திருக்கிறார். மீசைக்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். மீசை முன்னால் வரும், அவர் பின்னால் வருவார்.

"அத்தை, அந்த மாமாவும் நீங்களும் ரெண்டு பேரும் வாயால சரின்னு சொல்லணும். யாராவது ஒருத்தர் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டாலும் கல்யாணம் வேண்டாம்னு நாங்க முடிவு பண்ணிட்டோம்" என்றாள் தம்பி மகள்.

"இது என்னடி மிரட்டல்?"

"மிரட்டல் இல்ல அத்தை. காலம் முழுக்க உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போக எங்களால ஆகாது."

அக்கரையிலிருந்து சேதி வந்தது. பௌர்ணமியன்று பிற்பகல் பெண் பார்க்க வருகிறார்களாம். ஓதம் உச்சிக்கு ஏறுகிற நேரம்.

"அக்கா, வேற நாள் கேட்டுப் பார்க்கலாமா?" என்றான் தம்பி.

"என்ன காரணம் சொல்லுவ?"

தம்பி பிடரியைச் சொறிந்தான். "உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு..."

"கல்யாணப் பேச்சு எடுக்கறதுக்கு முன்னாடியே என்னைப் படுக்கையில போட்டுடு. ரொம்ப நல்லா இருக்கும்."

வழி என் மனதில்தான் உதித்தது. கூடம் முழுவதும் சுவருக்குச் சுவர் மரத்தரை போட்டு ஒரு சாண் உயர்த்திவிட்டால் ஈரம் அடியில் வந்து அடியிலேயே போய்விடும். மேலே கம்பளம். மரவாடி வீட்டில் மரத்தரை இருந்தால் யார் என்ன கேட்க முடியும்? மில்லின் தச்சரை வரவழைத்தேன்.

"கீழ துளை போட்டு இறுக்கிடறேம்மா. அப்பத்தான் அசையாது" என்றார் தச்சர்.

"அப்பா இழைச்சுப் போட்ட கல்தரை அது. அதுல ஒரு துளை விழுந்தா உன் காதுல ரெண்டு விழும்."

"சரிம்மா. சும்மா உக்கார வெச்சுடறேன்."

முதலில் அவர் போட்ட தரையில் நடந்து பார்த்தேன். டொம் டொம் என்று வெற்றுச் சத்தம். கொட்டகையில் நடப்பது போல் இருந்தது. அடியில் இடைவெளியே இல்லாமல் கெட்டியாக மரத்தை அடைக்கச் சொன்னேன். கனமான மரமாகப் போட்டால் பிறகு எடுப்பது சிரமம், மில்லில் இருப்பதிலேயே இலேசான மரம் போதும் என்றேன். சுவரோரம் ஒரு கை அகலம் மட்டும் விட்டு, மீதி இடமெல்லாம் கட்டையும் பலகையுமாக ஒரே கட்டுமானமாகப் பிணைத்தார் தச்சர். இப்போது நடந்தால் திடம், சத்தமே இல்லை.

தம்பி மகள் வேலையிலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"கீழ எதோடயும் சேர்த்துக் கட்டலையா அத்தை?"

"இல்ல."

"இலேசு மரமா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணும் இல்ல" என்று சிரித்தாள். கல்யாணக் களை என்று நினைத்துக்கொண்டேன்.

பௌர்ணமியன்று சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். முதலில் மீசை, பிறகு மாமா, பிறகு பையனின் அம்மா, கடைசியில் பையன். அம்மா சிரித்த முகம். பையன் நகங்களில் சேறு போகத் தேய்த்திருந்தான், போகவில்லை. எல்லாரும் வாசலில் செருப்பை விட்டார்கள். மீசைக்காரர் மட்டும் தன்னுடைய பளபளப்பான தோல் செருப்பைக் குனிந்து எடுத்துக் கையோடு கொண்டு வந்து கூடத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். விலை உயர்ந்த செருப்பு, நாய்க்குப் பயப்படுகிறார் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தேன். உட்கார்ந்ததும் கால்களை நாற்காலியின் குறுக்குச் சட்டத்தில் தூக்கி வைத்துக்கொண்டார். மனதில் மடித்து வைத்துக்கொண்டேன்.

அவர்கள் ஜன்னல் பக்கம், நாங்கள் அப்பாவின் படம் பார்க்கும் பக்கம். நடுவில் கம்பளம்.

"தரை புதுசா?" என்றார் மீசைக்காரர்.

"ரொம்ப நாளா இருக்கு" என்றேன்.

"மர வாசனை அடிக்குதே."

"மரவாடி வீட்டுல மீன் வாசனையா அடிக்கும்?"

பையனின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மீசைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தச் சமயத்தில்தான் என் காலடியில் ஒரு பெருமூச்சு கேட்டது. தூங்குகிற மாடு புரண்டு படுத்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். எதிர்ச் சுவரில் இருந்த அப்பாவின் படம் மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. நாலு விரற்கடை இறங்கி, என் கண்ணுக்கு நேராக நின்று, என்னைப் பார்த்தார் அப்பா. படம் இறங்கவில்லை, நாங்கள்தான் ஏறுகிறோம் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது.

"என்னம்மா இது? தரை அசையுது?" மீசைக்காரர் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

முதுகை நிமிர்த்தினேன். "பெரியவங்க வந்தா எங்க வீட்டுல தரையே எழுந்து நிக்கும்."

இதற்குள் தம்பி மனைவி தேநீர்த் தட்டுடன் சமையலறையிலிருந்து வந்து தரையின் விளிம்பில் கால் வைத்தாள். அவள் கொஞ்சம் பூசின உடம்பு. அந்த மூலை அமுங்கியது. சுவரோர இடுக்கிலிருந்து கறுத்த தண்ணீர் குபுக்கென்று எழும்பிக் கம்பளத்தை நனைத்தது. அதோடு ஒரு நண்டும் ஏறி வந்து, கூடத்தின் நடுவில் நின்று, இரண்டு பக்கத்து ஆட்களையும் பார்த்தது.

"ஓ! மரவாடி வீட்டுக்குள்ள கடல்!" என்றார் மீசைக்காரர்.

"ஈரம்" என்றேன்.

"நண்டோட வர்ற ஈரமா? என்கிட்டயே தண்ணி காட்டுறீங்களா? எழுந்திரும்மா போகலாம்" என்று தங்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டு விறுட்டென்று எழுந்து கதவை நோக்கி நடந்தார். தரை கதவுப் பக்கம் சாய்ந்தது. தட்டிலிருந்த கோப்பைகள் ஊர்வலமாக அவர் பின்னாலேயே கிளம்பின. பையனின் அம்மா நாற்காலியோடு நகர்ந்து போய்த் தம்பியின் மீது மோதினார்.

"மாமா, உக்காருங்க! நீங்க எழுந்தா எல்லாரும் கவிழ்ந்துடுவோம்!" என்று கத்தினான் பையன். அவனுக்குத் தெப்பம் பழக்கம். "அந்த ஓரம் வேண்டாம். நடுவுக்கு வாங்க. அத்தைக்கு நேர் எதிர்ல உக்காருங்க. ரெண்டு பேரும் சமமா இருந்தாத்தான் நிக்கும்."

அப்படியாக, ஊரிலேயே முகத்தோடு முகம் பார்க்க விரும்பாத இரண்டு பேர் முட்டிக்கு முட்டி இடிக்கும்படி கூடத்தின் நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. ஓதம் வடியும்வரை யாரும் கோபித்துக்கொண்டு போக முடியாது. தம்பி கப்பல் கவிழ்ந்த மாதிரி கன்னத்தில் கை வைத்திருந்தான். இன்னும் கவிழவில்லை என்று அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

"வீட்டுல தண்ணி ஏறுதுன்னு சொல்லாமப் பொண்ணு கொடுக்கப் பார்க்கறீங்க. இதுதான் உங்க கௌரவமா?" என்றார் மீசைக்காரர்.

மடித்து வைத்ததை எடுத்துப் பிரித்தேன். "உங்க வீட்டுல ஏறுறத நீங்க சொன்னீங்களா?"

"எங்க வீட்டுலயா?"

"செருப்பைத் தூக்கிட்டு வந்து ஜன்னல் மேல வைக்கிற பழக்கம் காய்ஞ்ச வீட்டுல வராது. உக்கார்ந்ததும் காலைத் தூக்கறதும் வராது."

மீசை ஒரு பக்கம் தொங்கியது. பையனின் அம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "சொல்லிடுங்கண்ணே. நம்ம கட்டிலெல்லாம் செங்கல் மேல நிக்குது. போன ஓதத்துல உங்க தலையணை தனியா வாசல் வரைக்கும் போயிட்டு வந்துச்சு."

"நீ சும்மா இரு!"

"அலையாத்திக் காட்டையெல்லாம் அழிச்சு இறால் குளம் வெட்டினா, கடல் வேற எங்க போகும்? முன்ன அந்த வேரெல்லாம் அலையைப் பிடிச்சு நிறுத்திச்சு. இப்ப முட்டி நிக்க ஒரு குச்சி இல்ல" என்றேன்.

"நான் அழிச்சேன், சரி. மலையை மொட்டை அடிச்சது யாரு? ஒரு மழை பெஞ்சா மலை மண்ணெல்லாம் ஆத்தோட வந்து, மிச்சம் இருந்த அலையாத்தியும் சேத்துல மூச்சு முட்டிச் செத்துச்சு. கோடையில மேலேர்ந்து ஒரு சொட்டு நல்ல தண்ணி வர்றதில்ல. என் குளம் உப்பாவே வெந்து கிடக்கு. அது போகட்டும், உங்க வாசல்லயே ஒரு அலையாத்தித் தோப்பு இருந்துச்சே, அது எங்க?"

"வெளிச்சம் வேணும்னு அப்பா எடுத்தாரு."

"வெளிச்சமா? ஆத்துல போற படகுக்கெல்லாம் உங்க பேர்ப் பலகை தெரியணும்னுதானே!"

அப்பாவின் படத்தைப் பார்த்தேன். அவர் வேறு எங்கோ பார்ப்பது போல் இருந்தது.

"ரெண்டு பேரும் சொல்றது சரிதான்" என்றாள் தம்பி மகள். அவள் கம்பளத்தில் உட்கார்ந்து நண்டை ஒரு கோப்பைக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள். "மலைக்காடு போனதால மண்ணு வந்துச்சு. கரைக்காடு போனதால அலை உள்ள வருது. ரெண்டும் போய், உலகம் பூரா இப்படியே போய்ப் போய், சூடு ஏறிக் கடலே வீங்கிட்டு இருக்கு. நாங்க வருஷா வருஷம் அளக்கிறோம். அந்தக் கோடு சுவர்ல இறங்காது அத்தை, ஏறத்தான் செய்யும். அழகுக் கோடுன்னு எவ்வளவு நாள் சொல்லுவீங்க?"

"அலையாத்தி நின்ன சேறு இருக்கே" என்று பையன் ஆரம்பித்தான், "அதுக்குள்ள காலங்காலமா கரி புதைஞ்சு கிடக்கு. குளம் வெட்டினா அதுவும் புகையாட்டம் காத்துல கலந்து சூட்டைக் கூட்டும். மறுபடி நட்டா..."

"ஏண்டா, நீ பொண்ணு பார்க்க வந்தியா, பாடம் எடுக்க வந்தியா?" என்றார் அவனுடைய மாமா.

"ரெண்டும் ஒரே நேரத்துல முடியுது மாமா."

மீசைக்காரர் அன்று சொன்னதிலேயே எனக்குப் பிடித்தது இந்தப் பாடக் கேள்விதான். அவர் கேட்ட அதே கேள்வியைத்தான் நானும் கேட்க இருந்தேன். ஆனால் அதை எப்படி வெளியில் காட்டுவது?

"சரி, மரவாடிக்காரங்க மொதல்ல தப்புன்னு ஒத்துக்கட்டும். அப்புறம் நான் என் பதிலைச் சொல்றேன்" என்றார் மீசைக்காரர்.

"இறால்காரங்க மொதல்ல."

"மலைதான் மேல இருக்கு. அதனால நீங்கதான் மொதல்ல."

"தண்ணி கடல்லேர்ந்துதான் வருது. அதனால நீங்க."

இதிலேயே நேரம் ஓடியது. வடிகிற ஓதத்தோடு தரை இறங்கத் தொடங்கியது. அப்பாவின் படம் மெல்ல மேலே ஏறியது. ஆடாமல் நடக்கலாம் என்று தெரிந்ததும் மீசைக்காரர் எழுந்தார்.

"போயிட்டுப் பதில் சொல்லி அனுப்பறோம்" என்றார்.

அந்த வாக்கியத்துக்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம்தான். தம்பி மகள் நனைந்த கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்து மெதுவாகப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள். பையன் அவளைப் பார்க்காமல் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய் அந்த மனிதரிடம், மறுபடியும் வாருங்கள் என்று சொல்ல முடியாது. மரவாடி வீட்டில் யாரும் யாரையும் இரண்டாம் முறை அழைத்ததில்லை. அவரும் அழைக்காமல் வரமாட்டார். அவருடைய மீசையைப் பார்த்தாலே தெரியும்.

அப்போது ஜன்னலுக்குக் கீழே சுவரோர இடுக்கில் ஏதோ மிதப்பதைப் பார்த்தேன். அவர் விறுட்டென்று எழுந்தபோது விளிம்பிலிருந்து விழுந்திருக்க வேண்டும். பளபளப்பான தோல் செருப்பு. ஒற்றை. அடிப்பக்கம் மேலாக மிதந்துகொண்டிருந்தது.

நுனியில் உலோகப் பூண் போட்ட கைத்தடி ஒன்று என்னிடம் எப்போதும் இருக்கும். நடக்க உதவிக்கு அல்ல, நிற்கிற அழகுக்கு. எழுந்து, ஜன்னல் வழியாக வானம் பார்ப்பவளைப் போல் நின்றேன். தடியின் நுனி என் புடவைக்குப் பின்னால் இடுக்கில் இறங்கியது. ஓர் அழுத்து, ஒரு தள்ளு. இறங்கிக்கொண்டிருந்த தரைக்கு அடியில் செருப்பு போய்ச் சேர்ந்தது. சற்று நேரத்தில் தொப்பென்று கல்லின் மீது உட்கார்ந்தது தரை.

"என் இன்னொரு செருப்பு எங்க?"

எல்லாரும் தேடினோம். நானும் தேடினேன், எல்லாரையும்விட அக்கறையாக. தம்பிதான் இடுக்கில் குனிந்து பார்த்து, "அடியில வார் தெரியுது! மில்லுலேர்ந்து ஆளுங்களைக் கூப்பிட்டா ஒரு நிமிஷத்துல தூக்கி..." என்று ஆரம்பித்தான். அவனுடைய கால் கட்டைவிரல் மீது என் தடி தற்செயலாக ஊன்றியது. "...தூக்க முடியாது" என்று முடித்தான்.

"முடியவே முடியாது. கெட்டியா அடைச்ச மரம். இதை மனுஷன் தூக்க முடியாது, ஓதம்தான் தூக்கும். அமாவாசையன்னிக்குத் தானா மேல வரும்" என்றேன்.

மீசைக்காரர் என்னைப் பார்த்தார். தடியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஆள் விட்டு அனுப்பறேன்."

"முன்பின் தெரியாத ஆள் கையில செருப்பைக் கொடுத்து அனுப்பற வழக்கம் எங்க வீட்டுல இல்ல."

ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு போனார். அவருடைய தங்கை மட்டும் திரும்பி என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். நான் அதைக் கவனிக்காதது போல் நின்றேன்.

அமாவாசை வருவதற்குள் எங்கள் மரவாடியில் சில வேலைகள் நடந்தன. ஆற்றுப் பக்கம் நின்ற பேர்ப் பலகையைக் கழற்றிக் கூரைமேல் ஏற்றச் சொன்னேன். வாசலில் மரம் வளர்ந்தாலும் பேர் தெரிய வேண்டும், அதற்காக. தம்பியிடம் மலைச்சரிவில் எங்கள் குத்தகைக் காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தச் சொன்னேன். அவன் வாயைத் திறந்தான். என் தடியைப் பார்த்து மூடிக்கொண்டான்.

அமாவாசையன்று மீசைக்காரர் அழைக்காமல் வந்தார். ஒரு கையில் ஒற்றைச் செருப்பு. பின்னால் தங்கையும் பையனும், ஆளுக்கு ஒரு கூடை. கூடை நிறைய அலையாத்திக் கன்றுகள்.

"செருப்பு எடுக்க வந்தேன். வெறுங்கையோட வரக் கூடாதேன்னு இதையும் எடுத்துட்டு வந்தேன். வேற அர்த்தம் இல்ல" என்றார்.

"வாசல்ல வைக்கலாம். நிழலுக்கு. வேற அர்த்தம் இல்ல" என்றேன்.

உட்கார்ந்தோம், நடுவில், நேர் எதிரில். இந்த முறை யாரும் சொல்லவில்லை, தானாகவே அப்படி உட்கார்ந்தோம்.

"ஓடையோரக் குளத்துக் கரையை வெட்டிவிட்டுட்டேன். கடல் தண்ணி முன்ன மாதிரி போய்ட்டு வரட்டும், காடு மறுபடி முளைக்கட்டும்னு பையன் சொன்னான். அதுக்காக இல்ல. கரை பழசாயிடுச்சு, அதனால" என்றார் அவர், அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு.

"மலையில மரம் வெட்டுறதை நிறுத்திட்டோம்" என்றேன் நான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "மில்லுல ரம்பம் மழுங்கிடுச்சு, அதனால."

தம்பி மனைவி இந்த முறை தேநீரை நடுவழியாகவே கொண்டு வந்தாள். தரை பெருமூச்சு விட்டு எழுந்தது. அப்பா இறங்கி வந்து எங்களைப் பார்த்தார். ஓதம் உச்சிக்கு வந்தபோது இடுக்கில் ஒரு குமிழி கிளம்பி, அதன் பின்னால் செருப்பும் வந்தது. பளபளப்பு போய், உப்புப் பூத்து, நசுங்கிக் கருவாடு மாதிரி இருந்தது. பையன் எடுத்துக் கொடுத்தான்.

மீசைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் ஒரு வட்டத் தழும்பு, நாணயம் அழுத்தியது போல. அவர் கையை நீட்டி என் தடியை வாங்கி, பூண் நுனியை அந்தத் தழும்பில் பொருத்தினார். அச்சாகப் பொருந்தியது.

நான் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன்.

மீசைக்காரரின் தோள்கள் குலுங்கின. பிறகு மீசை குலுங்கியது. அவர் சிரித்த சிரிப்பில் தரையே ஆடியது.

"அம்மாடி! இப்படிக் கள்ளத்தனம் பண்ணியாவது உறவை விடாத வீட்டுல எங்க பையன் பத்திரமா இருப்பான். எனக்குச் சரி" என்றார்.

"எனக்கும் சரி" என்றேன்.

அவர்தான் முதலில் சொன்னார். இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

கல்யாணம் முடிந்துவிட்டது. மரத்தரை கூடத்திலேயே இருக்கிறது. விருந்தாளி வந்தால் எழுந்து நிற்கிற தரை ஊரில் எங்கள் வீட்டில் மட்டும்தான். கூடத்துக்குள் இப்போதும் ஈரம் வருகிறது. கன்றுகள் வளர்ந்து அலையைத் தடுக்க வருடங்கள் ஆகும் என்று தம்பி மகள் சொல்கிறாள். காத்திருக்க எங்களுக்குத் தெரியும். அக்கரையிலும் குளக்கரையை வெட்டிய இடத்தில் நட்டிருக்கிறார்கள். வாரம் ஒரு முறை மீசைக்காரர் எங்கள் வாசலுக்கு வந்து கன்றுகளைப் பார்த்துவிட்டுப் போகிறார், பழைய ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு. உறவு முறைக்காக வருவதாகச் சொல்கிறார். எங்கள் கன்று உயரமா, அவருடையது உயரமா என்று பார்க்கத்தான் வருகிறார் என்பது எனக்குத் தெரியும்.

எங்களுடையதுதான் உயரம். போன வாரம் தம்பியை அக்கரைக்கு அனுப்பி அளந்து வரச் சொன்னேன். உறவு முறைக்காகத்தான்.